ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கிறது. 'பின்னிணைப்பு 3: தகவலாளர்கள்' என்று தலைப்பு. பெயர், வயது, ஊர், கல்வி, தொழில் என ஐந்து கட்டங்கள். பதினேழாவது வரிசையில் இருப்பவர் என் அம்மா. கல்விக்கு நேராக 'இல்லை' என்றும் தொழிலுக்கு நேராக 'வீட்டு வேலை' என்றும் நான்தான் எழுதியிருக்கிறேன். அம்மா அப்போது நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கூலியில்தான் எனக்கு விடுதிக் கட்டணம் வந்தது. அது எப்படி என் பேனாவில் 'வீட்டு வேலை' ஆனது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆய்வு ஒப்பாரிப் பாடல்களைப் பற்றியது. எல்லாரிடமும் ஒரே கேள்வித்தாள். அதில் ஒரு கேள்வி: இப்பாடலை யாரிடம் கற்றீர்கள்? மற்றவர்கள் அம்மாச்சி, பெரியம்மா, மாமியார் என்று யாரையாவது சொன்னார்கள். அம்மா மட்டும், "அதென்ன கேள்வி? எழவு வீட்டுல போயி உக்காந்தா வருது. நானா பாடுறேன்?" என்றாள். 'நானா பாடுறேன்' என்பதை எந்தக் கட்டத்தில் அடைப்பது? 'வாய்மொழி மரபு' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு இந்தப் பக்கத்தை மறுபடி திறக்கவைத்தவள் ஒரு மாணவி. சமய இலக்கியத் தாளில் கிறித்தவக் காப்பியங்கள் வரும் அலகு. பின்னணிக்காக மோசேயின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வனாந்தரத்தில் அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் மோசேக்கு எதிராகப் பேசுகிறார்கள். கடவுள் கோபப்படுகிறார். மிரியாமின் தோல் வெளுத்துப்போகிறது. ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே அடைத்து வைக்கப்படுகிறாள். (தமிழ் விவிலியம் இதைக் குஷ்டம் என்கிறது. எபிரேயச் சொல் இன்றைய தொழுநோயைக் குறிப்பதல்ல என்பது அறிஞர்கள் கருத்து.) வீட்டில் தினமும் வேதம் வாசிக்கும் குடும்பத்துப் பெண் அவள். கையைத் தூக்கினாள். "அம்மா, பேசுனது ரெண்டு பேரு. ஆரோனுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்றேன். ஆசிரியர்களுக்கு அது வசதியான வாக்கியம். அந்த அடுத்த வகுப்புக்காகப் படிக்க ஆரம்பித்தது இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு போனது. எனக்கு எபிரேயம் தெரியாது. நான் யூதரும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. தமிழ் விவிலியத்தையும், தல்மூத், மைமோனிடிஸ் ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்ததுதான்.

கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வாசிக்கும் நூல்களை யூதர்கள் மூன்று பகுதிகளாக வைத்திருக்கிறார்கள். முதலில் தோரா, மோசேயின் ஐந்து நூல்கள். அடுத்து நெவியீம், தீர்க்கதரிசிகள். கடைசியில் கெதுவீம். 'எழுதப்பட்டவை' என்று பொருள். சங்கீதம், நீதிமொழிகள், யோபு, உன்னதப்பாட்டு, ரூத், எஸ்தர் எல்லாம் இந்தக் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. இது வெறும் வரிசை அல்ல, தரமும்தான். தோரா, கடவுள் மோசேயிடம் நேராகச் சொன்னது. தீர்க்கதரிசிகளுக்குக் கனவிலும் தரிசனத்திலும் கிடைத்தது அதற்குக் கீழே. கெதுவீம் அதற்கும் கீழே. அவற்றைச் சொன்னவர்களிடம் 'ருவாஹ் ஹகோதெஷ்', அதாவது பரிசுத்த ஆவி, மட்டுமே இயங்கியது. திரித்துவத்தில் வரும் பரிசுத்த ஆவியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆள் விழித்திருக்கும்போதே, புலன்கள் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, உள்ளே வந்து சொல்லைப் பிறப்பிக்கும் ஒரு விசை அது.

இந்தப் படிநிலை புத்தக அடுக்கு வரைக்கும் வருகிறது. தீர்க்கதரிசிகளின் சுருள்மேல் தோராவை வைக்கலாம், தோராவின்மேல் தீர்க்கதரிசிகளை வைக்கக் கூடாது என்று தல்மூத்தின் மெகில்லா பகுதியில் விதி இருக்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் துறை நூலகத்தில் தொல்காப்பியம் கண்ணுக்கு நேரே இருக்கும். நாட்டார் பாடல் தொகுப்புகளை எடுக்கக் குனிய வேண்டும்.

மைமோனிடிஸ் (1138–1204) இந்த ஏணிக்கு இன்னும் நுணுக்கமாகப் படி கட்டினார். கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், சட்ட அறிஞர், தத்துவவாதி. குழப்பத்தில் இருப்பவர்களுக்கு வழிகாட்ட அரபு மொழியில் அவர் எழுதிய நூலின் இரண்டாம் பாகம், 45ஆம் அத்தியாயத்தில் தீர்க்கதரிசனத்துக்குப் பதினொரு படிகள் வருகின்றன. முதல் படியில் இருப்பவருக்குப் பெரிய காரியம் செய்யும் துணிவு மட்டும் கிடைக்கும். இரண்டாவது படியில் பேச்சும் பாட்டும் வரும். தாவீதும் சாலொமோனும் இங்கே. கெதுவீம் முழுவதும் இங்கே. இந்த இரண்டும் உண்மையான தீர்க்கதரிசனம் அல்ல, அதற்கு ஏறும் வாசற்படிதான் என்கிறார். அதற்கு மேல் கனவுகள், அதற்கும் மேல் தரிசனங்கள். மோசே பதினொன்றிலும் இல்லை. அவர் ஏணிக்கே அப்பால்.

இத்தனை படிகளுக்கும் அடிப்படை ஆதாரம் எது என்று தேடிப் போனால், வந்து நிற்கும் இடம் எண்ணாகமம் 12ஆம் அதிகாரம். என் மாணவி கைதூக்கிய அதே அதிகாரம்!

அங்கே மிரியாம் கேட்பது இதுதான்: கடவுள் மோசே வழியாக மட்டும்தான் பேசினாரா, எங்கள் வழியாகவும் பேசவில்லையா? அவளுக்கு அதைக் கேட்கும் தகுதி உண்டு. யாத்திராகமத்தில் தீர்க்கதரிசி என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்டவள். ஆற்றில் விடப்பட்ட குழந்தை மோசேயைக் கரையில் நின்று பார்த்துக்கொண்ட அக்காளும் அவள்தான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கடவுள் தரம் பிரிக்கிறார். மற்றவர்களுக்குக் கனவு, தரிசனம், மறைபொருள். மோசேயுடன் மட்டும் நேரடிப் பேச்சு. பின்னாளில் அறிஞர்கள் ஏணி கட்டிய மரம் இங்கே வெட்டப்பட்டதுதான். 'என் வழியாகவும் பேசினாரே' என்று ஒரு பெண் கேட்டாள். அதுவரை சொல்ல வேண்டியிராத ஏற்றத்தாழ்வைச் சொல்ல வேண்டிவந்தது.

மாணவியின் கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைத்தது. எபிரேயத்தில் அந்த வாக்கியத்தின் வினைமுற்று பெண்பால் ஒருமை. 'மிரியாமும் ஆரோனும் பேசினாள்' என்பதுபோல நிற்கிறது. பேச்சைத் தொடங்கியவள் மிரியாம், ஆகவே தண்டனை அவளுக்கு என்று உரையாசிரியர்கள் பொருள் கொள்கிறார்கள். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அது 'பேசி' என்று வினையெச்சமாகிவிட்டது. எச்சத்துக்குத் திணை இல்லை, பால் இல்லை. அந்தத் தடயம் தமிழில் அழிந்துபோனது. இருபது வருடமாக இலக்கணம் நடத்துகிறேன். வினையெச்சம் இவ்வளவு வேலை செய்யும் என்று நான் நினைத்ததில்லை.

வசதியில்லாத ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேச்சு தொடங்குவதே இன்னொரு பெண்ணை வைத்துத்தான். மோசே மணந்த கூஷ் நாட்டுப் பெண். தமிழில் எத்தியோப்பியப் பெண். அவளைக் காரணம் காட்டித்தான் மிரியாம் பேச ஆரம்பிக்கிறாள். அயல் இனத்தவள், கறுத்தவள் என்ற இளக்காரமா? மூலத்தில் விளக்கம் இல்லை. மிரியாமை நம் பக்கத்துக் கதாநாயகியாக்கும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் பழைய ரபிகள் இதை வேறு மாதிரி வாசித்தார்கள். எண்ணாகமத்துக்கு எழுந்த 'சிஃப்ரே' என்ற பழைய உரையில் வருவது இது. மோசேயின் மனைவி சிப்போராள் தன்னை அலங்கரித்துக்கொள்வதை விட்டுவிட்டதை மிரியாம் கவனிக்கிறாள். விசாரித்தால், எந்த நேரமும் கடவுளிடமிருந்து பேச்சு வரலாம் என்பதால் மோசே மனைவியை விட்டு விலகியிருக்கிறார். எழுபது மூப்பர்களின் காலத்தில் இரண்டு பேர் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள் என்று ஒரு பையன் ஓடிவந்து சொன்னபோது, அவர்களுடைய மனைவிமாரின் கதி என்ன என்று சிப்போராள் பரிதாபப்பட்டாளாம். பக்கத்தில் நின்ற மிரியாமுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. எங்களிடமும் கடவுள் பேசினார், நாங்கள் வீட்டாரை விட்டா விலகினோம் என்பதே அவள் கேள்வி. அதாவது அவள் பேசியது நாத்தனாராக அல்ல, சிப்போராளுக்காக.

இது ரபிகளின் கற்பனை என்று தள்ளிவிடலாம்தான். நான் தள்ளவில்லை. ஏணியின் உச்சிப்படிக்கு என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்று இந்தக் கதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மைமோனிடிஸும் தன் சட்டத் தொகுப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். மற்ற தீர்க்கதரிசிகள் பேச்சு முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புவார்கள். மோசே திரும்பவில்லை, நிரந்தரமாக மனைவியிடமிருந்து விலகினார், ஆகவே அவர் உயர்ந்தவர். சீனாய் மலையில் தோரா இறங்குவதற்கு முன்பும் இதேதான். மூன்று நாள் பெண்ணை நெருங்காதீர்கள் என்று மோசே மக்களிடம் சொல்கிறார். அப்படியானால் 'மக்கள்' யார்? ஜூடித் பிளாஸ்கோ என்ற யூதப் பெண்ணிய இறையியலாளர் 1990இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். சீனாயின் அடிவாரத்தில் பெண்களும் நின்றார்கள் என்றால், அந்தப் பேச்சு அவர்களைப் பார்த்துப் பேசப்படவில்லையே என்பது அவர் வாதம்.

தல்மூத் கணக்குப்படி தீர்க்கதரிசிகள் ஆண்களில் நாற்பத்தெட்டுப் பேர், பெண்களில் ஏழு பேர். சாராள், மிரியாம், தெபொராள், அன்னாள், அபிகாயில், உல்தாள், எஸ்தர். இவர்களில் ஒருவர் பெயரிலும் நெவியீமில் தனி நூல் இல்லை. எஸ்தருக்கு மட்டும் நூல் உண்டு, அதுவும் கடைசி அடுக்கில். இந்த ஏழு பேரில் என்னைத் தூங்கவிடாதவள் உல்தாள்.

யோசியா ராஜாவின் பதினெட்டாம் ஆண்டு, கிட்டத்தட்ட பொ.ஆ.மு. 622. எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது பிரதான ஆசாரியன் ஒரு சுருளைக் கண்டெடுக்கிறான். அதை வாசிக்கக் கேட்ட ராஜா தன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். இது கடவுளின் சொல்தானா என்று விசாரித்து வரச் சொல்லி ஆள் அனுப்புகிறான். ஆசாரியனும் ராஜாவின் சம்பிரதியும் மற்றவர்களும் போய் நின்ற வாசல் உல்தாளுடையது. ஆலய வஸ்திரசாலைக்காரனின் மனைவி. எரேமியா அதே காலத்தில் இருந்தார். ஆனாலும் அவளிடம்தான் போனார்கள். அவள் அந்தச் சுருளை உறுதிசெய்தாள். இந்த நூலில் உள்ளது நடக்கும் என்றாள். வேதம் எது என்று முடிவுசெய்யும் வேலையை இந்த மரபில் முதலில் செய்ததாக எழுதப்பட்டிருப்பவள் ஒரு பெண்!

பிறகு வந்த ரபிகளுக்கு இது உறுத்தியிருக்கிறது. எரேமியா இருக்கும்போது இவளிடம் ஏன் போனார்கள் என்று கேட்கிறார்கள். அவள் எரேமியாவுக்கு உறவு, அதனால் அவர் பொருட்படுத்தவில்லை என்கிறார் ஒருவர். பெண்கள் இரக்கமுள்ளவர்கள், அதனால் என்கிறார் இன்னொருவர். எரேமியா அப்போது ஊரில் இல்லை என்கிறார் மற்றொருவர். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. அதோடு, பெண்ணுக்குத் திமிர் அழகல்ல என்றும் ஒரு ரபி சொல்கிறார். ராஜாவை ராஜா என்று சொல்லாமல் 'அந்த மனுஷனிடம் சொல்லுங்கள்' என்கிற தோரணையில் பேசியதால் அவளுக்குக் கீரியைப் போன்ற ஒரு சிறு பிராணியின் பெயர் வந்ததாம். பாராக்கைத் தேடிப் போகாமல் வரச்சொல்லி ஆள் அனுப்பிய தெபொராளுக்குக் குளவிப் பெயர். துறைக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பகுதிக்கு உரை தேவைப்படாது.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது அது அல்ல. அந்தச் சுருள் உபாகமம் அல்லது அதன் மையப்பகுதி என்பது 1805இல் டி வெட்டே என்ற ஜெர்மன் அறிஞர் முன்வைத்து, இன்றுவரை பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏதோ ஒரு வடிவில் ஏற்கும் கருத்து. அது சரி என்றால், உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் தோல் நோய் பற்றிய விதியை ஒட்டி ஒரு கட்டளை இருக்கிறது. எகிப்திலிருந்து வரும் வழியில் கடவுள் மிரியாமுக்குச் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்று. நாள்தோறும் நினைக்க வேண்டிய ஆறு விஷயங்களில் ஒன்றாகப் பல யூத வழிபாட்டு நூல்களில் இது இன்றும் அச்சிடப்படுகிறது. கடலோரத்தில் அவள் பாடியதை நினைக்கச் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் நின்றதைச் சொல்லவில்லை. தோல் வெளுத்ததை மட்டும். அந்த வரி அன்றைய சுருளில் இருந்திருந்தால், அதற்கும் சேர்த்து முத்திரை குத்தியவள் உல்தாள். ஒருத்தி வாயைத் திறந்ததற்கான தண்டனையை நிரந்தரமாக்கிய நூலை, இன்னொருத்தி செல்லும் என்று சொல்லி அனுப்பினாள்.

உல்தாளை நான் குறைசொல்ல வரவில்லை. பின்னிணைப்பு 3இல் கையெழுத்துப் போட்டவள் நான்.

எஸ்தரின் கதை வேறு மாதிரி. கடவுளின் பெயரே வராத நூல். அதைப் புனித நூல்களோடு சேர்க்கலாமா என்று நெடுநாள் தகராறு. 'கைகளைத் தீட்டாக்கும்' என்பதுதான் புனிதத்துக்கு ரபிகள் வைத்த அளவுகோல். நமக்குத் தலைகீழாகத் தோன்றும். புனித உணவையும் புனிதச் சுருளையும் ஒன்றாக வைத்தார்கள். உணவுக்கு வந்த எலி சுருளையும் கடித்தது. ஆகவே சுருளைத் தொட்டால் தீட்டு என்று விதித்துப் பிரித்துவைத்தார்கள் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். தீட்டு என்றால் விலக்கு என்றே கேட்டு வளர்ந்த எனக்கு, தீட்டாக்குவதே தகுதிச் சான்றாக இருக்கும் உலகம் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது. பெண் குரல் ஓங்கிய உன்னதப்பாட்டுக்கும் இந்தச் சான்று கிடைக்குமா என்று விவாதம் நடந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அது புனிதமானது என்று ரபி அகிவா வாயடைத்தார்.

எஸ்தருக்கு அகிவா போல ஒருவர் காத்திருக்கவில்லை. தல்மூத்தின் கதையில் அவளே அறிஞர் சபைக்கு ஆள் அனுப்புகிறாள். தலைமுறைகளுக்கு என்னை எழுதிவையுங்கள் என்கிறாள். வம்பு வரும் என்று தயங்குகிறார்கள். நான் ஏற்கெனவே மேதிய, பெர்சிய ராஜாக்களின் குறிப்புகளில் எழுதப்பட்டவள்தானே என்று திருப்பிக் கேட்கிறாள். தன் நூலுக்குத் தானே வாதாடிய எழுத்தாளர்! சாமுவேல் என்ற அறிஞர் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். எஸ்தர் பரிசுத்த ஆவியால் சொல்லப்பட்டதுதான், ஆனால் ஓதுவதற்காகச் சொல்லப்பட்டது, எழுதுவதற்காக அல்ல என்றார். இந்த வாக்கியத்தில் வெகுநேரம் நின்றேன். வாயில் இருந்தால் சரி, சுருளில் ஏறக் கூடாது.

எஸ்தர் சுருளில் ஏறினாள். அதோடு நிற்கவில்லை. அதே மைமோனிடிஸ், எஸ்தரை இரண்டாவது படியில் உட்காரவைத்தவர், தன் சட்டத் தொகுப்பில் வேறொன்றும் எழுதியிருக்கிறார். மேசியா வரும் காலத்தில் தீர்க்கதரிசிகளின் நூல்களும் கெதுவீமும் வழக்கொழிந்துபோகும், எஸ்தர் மட்டும் தோராவைப் போல நிலைக்கும் என்று. அவர் இந்த இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்த்தாரோ! எனக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதே பிடித்திருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே, கொச்சியில், யூதப் பெண்கள் விவிலியக் கதைகளையும் கல்யாணப் பாட்டுகளையும் மலையாளத்தில் பாடினார்கள். அவற்றைக் கையால் நோட்டுகளில் எழுதிவைத்தார்கள். ஆண்கள் முன்னால் பெண் பாடக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு இடத்து யூதர்களிடம் உண்டு. கொச்சியில் ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது நோட்டுகளும் போயின. ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜான்சன் முதலிய ஆய்வாளர்கள் அவற்றைத் தேடித் தொகுத்தார்கள். சேந்தமங்கலத்து யூத ஆலயத்தின் முன்னால் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரேய எழுத்து என்று அதைச் சொல்கிறார்கள். இந்தப் பாட்டு நோட்டுகளுக்கு எந்தப் படி? இரண்டாவதா, வாசலுக்கு வெளியேயா? பாடியவர்கள் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

போன பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போனேன். பின்னிணைப்பைத் திறந்து, 'வீட்டு வேலை' என்பதை அடித்துவிட்டு, 'விவசாயக் கூலி, ஒப்பாரி பாடுபவர்' என்று என் பிரதியில் எழுதினேன். பல்கலைக்கழக நூலகத்துப் பிரதியில் பழையதுதான் இருக்கும். 'வாய்மொழி மரபு' என்பதை அடிக்கப் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். அம்மாவுக்கு வந்தது மைமோனிடிஸ் சொல்லும் இரண்டாவது படியோடு அச்சாகப் பொருந்துகிறது. விழித்திருக்கிறாள், புலன்கள் இயங்குகின்றன, ஏதோ ஒன்று வந்து சொல் ஊறுகிறது. ஆனாலும் அவளை அந்த ஏணியில் ஏற்றி உட்காரவைக்க எனக்கு மனமில்லை. கடைசியில் அவள் சொன்னதையே பேச்சு வழக்கு மாறாமல் ஓரத்தில் எழுதினேன்.

அம்மா அவரைக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்தாள். என்னத்த எழுதுற என்றாள். மிரியாமின் கதையைச் சொன்னேன். ஆற்றங்கரை, கடலோரப் பாட்டு, கேள்வி, வெளுத்த தோல், ஏழு நாள். அந்த ஏழு நாளும் ஜனங்கள் கிளம்பாமல் அவளுக்காகக் காத்திருந்தார்கள் என்று சொன்னபோது தலையை ஆட்டினாள். கதை முடிந்ததும் கேட்டாள்:

"ஏழு நாளும் அவளுக்கு யாரு கஞ்சி ஊத்துனா?"

திரும்பி வந்து மறுபடி புரட்டினேன். மிரியாமை அடைத்துவைத்தது யார் என்று தல்மூத் கேட்டிருக்கிறது. மோசே ஆசாரியன் அல்ல, ஆரோன் உறவுக்காரன், உறவுக்காரன் நோயைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆகவே கடவுளே ஆசாரியனாக இருந்து அவளை அடைத்தார், அவரே தூய்மை என்று அறிவித்தார், அது அவளுக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று பதிலும் சொல்லியிருக்கிறது. கஞ்சியைப் பற்றி நான் படித்த பக்கங்களில் ஒன்றும் இல்லை.

அடுத்த வகுப்பில் அம்மாவின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, பாடத்தை அங்கிருந்து ஆரம்பித்தேன்.